முன்னுரிமை நான்கு

பீரோவுக்குள் எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை நான் கழற்றினேன். தினமும் எத்தனையோ பேர் பல்பு கழற்றுகிறார்கள், அதனால் யாருடைய வேலையும் போவதில்லை. அவர்களெல்லாம் சும்மா கழற்றுகிறவர்கள். நான் முறைப்படி கழற்றினேன். படிவம் நிரப்பி, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு, எனக்கு நானே அனுமதி கொடுத்து, தேதியும் நேரமும் குறித்துக் கழற்றினேன். அதனால்தான் ஓர் அக்காவின் ஆறு வருஷத்து வேலை அந்தரத்தில் தொங்கியது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; அப்படி வாழவந்தி நாட்டில் பிறந்து, கீழே நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் இரண்டு வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் உட்கார்ந்து "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தட்டச்சு செய்தவள். பெரிய கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களை எப்படிக் கட்டி மேய்க்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு ஃபிரேம்வொர்க் வைத்திருந்தார்கள். கோளாறு என்பது வேறு, கோளாறின் காரணம் என்பது வேறு, மாற்றம் என்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு குழு. நாலு நாள் பயிற்சி, ஒரு பரீட்சை. தேறினேன். சான்றிதழ் வந்தது. லாமினேட் செய்தேன். லாமினேட் செய்துவிட்ட பிறகு ஒரு மனுஷி சும்மா இருக்க முடியுமா?

சோளக்காட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மலைக்காரர்களின் மிளகையும் காப்பியையும் வாங்கிக் கீழே அனுப்புகிற உழவர் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் மேலாளர் நாமக்கல்லில் இருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் மலையைப் போனிலேயே நிர்வாகம் செய்தார். மிளகு வாங்குகிற வெளியூர்க் கம்பெனி ஒன்று, "உங்கள் தகவல் தொழில்நுட்ப நிர்வாகம் எந்த நெறிமுறைப்படி நடக்கிறது? கார்த்திகையில் ஆள் அனுப்பிப் பார்ப்போம்" என்று அவருக்குக் கடிதம் போட்டிருந்தது. நெறிமுறை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து நான் லாமினேஷனோடு போய் நின்றேன்.

"தகவல் தொழில்நுட்ப நிர்வாகத் தலைமை" என்று எனக்குப் பதவி கொடுத்தார். தலைமைக்குக் கீழே உடம்பு கிடையாது. நான் நிர்வாகம் செய்ய வேண்டிய சாம்ராஜ்யம் இது: இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின் தராசு, ஒரு பழைய ஸ்டீல் பீரோ. பீரோவின் அடித்தட்டில் சர்வர் இருந்தது. சர்வர் என்றால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான், பீரோவில் இருந்ததால் மரியாதையாக அப்படிக் கூப்பிட்டார்கள். யார் யாருக்கு எந்தச் சரிவில் தோட்டம், எத்தனை மிளகுக் கொடி, என்ன உரம் போட்டார்கள் என்கிற தோட்டப் பதிவு முழுக்க அதில்தான் இருந்தது. அந்தப் பதிவு இல்லையென்றால் வெளியூர்க் கம்பெனி ஒரு மணி மிளகைக்கூடத் தொடாது.

இந்தச் சாம்ராஜ்யத்தை எனக்கு முன்னால் ஆண்டவர் அக்கா. வளப்பூர் நாட்டுக்காரர். பிளஸ் டூ வரை படித்தவர். எடை போடுவது, பதிவது, சீட்டு அடிப்பது, கோளாறு வந்தால் தட்டுவது எல்லாம் அவரே. அதற்கு முன்பு கீழே நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால், "அந்த வாசம் மறுக்கா என் துணியில ஏறக் கூடாது கண்ணு, அவ்வளவுதான்" என்பார். மேலே வேலை இல்லாத பெண்களுக்கு எங்கள் மலையில் இரண்டே வழி: ஒன்று மில், இன்னொன்று கோழிப்பண்ணை. இரண்டும் மலைக்குக் கீழே. சோளக்காட்டுத் தராசுதான் அக்காவை மேலே பிடித்து வைத்திருந்தது.

முதல் வாரமே சீர்திருத்தம் ஆரம்பித்தேன். இனி எந்தக் கோளாறானாலும் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்றால் கம்ப்யூட்டரில் ஒரு படிவம். என்ன கோளாறு, எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு அவசரம் என்று நிரப்பினால், பாதிப்பையும் அவசரத்தையும் பெருக்கி ஒன்று முதல் நான்கு வரை ஒரு முன்னுரிமை எண் வரும். ஒன்று என்றால் உடனே ஓட வேண்டும். நான்கு என்றால் மூன்று வேலை நாளுக்குள் பார்த்தால் போதும். இதை விளக்கி ஒரு தாள் அடித்துச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் யாரோ அதன் ஓரத்தில் வாழவந்தி பஸ் நேரத்தை எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தாளை எல்லோரும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் நாட்டுக்காரர் ஒருவர், எனக்கு முறைக்கு மாமா, கம்பெனியில் உழவர் பிரதிநிதியும் அவர்தான், விலைக்காகப் பொத்தி வைத்திருந்த மிளகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தராசு எரியவில்லை. நான் படிவத்தைத் திறந்தேன்.

"எத்தனை பேருக்குப் பாதிப்புங்க மாமா?"

"நானும் இந்த மூட்டையும்."

"வேலை முழுசா நின்னுபோச்சா, பாதியாவது நடக்குதா?"

"பாதி தோள்ல நிக்குது. எறக்கட்டுமா வேண்டாமா புள்ள?"

"ஒரு நிமிசங்க. ஒரே ஒருத்தருக்குப் பாதிப்பு, நடுத்தர அவசரம்..." பெருக்கினேன். "நாலு வருதுங்க. மூணு நாளைக்குள்ள பாத்துடுவோம்."

"மூணு நாளா? கண்டக்டர் டீ குடிக்கற வரைக்குந்தான் பஸ் நிக்கும் சாமி!"

அதற்குள் அக்கா பின்னாலிருந்து வந்தார். தராசின் பிளக்கைப் பிடுங்கினார். பழைய பஸ் டிக்கெட் ஒன்றை நாலாக மடித்துப் பிளக்கின் பக்கத்தில் ஆப்பு மாதிரி செருகி அழுத்தினார். தராசு எரிந்தது.

"எறக்குங்க மாமா."

மாமா இறக்கினார். போகும்போது என்னைப் பார்த்து, "உன்ற டிக்கெட்டுக்கு அந்த டிக்கெட்டே தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படிவத்தில் "முறைசாராத் தீர்வு" என்று எழுதி மூடினேன். அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. நெறிமுறை தெரியாதவர், பாவம் என்று நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பார், நெறிமுறை என்ற சொல் மட்டும் வேறாக இருந்திருக்கும்.

அடுத்து மாற்ற ஆலோசனைக் குழு. கம்ப்யூட்டர் சம்பந்தமாக எதை மாற்றினாலும் குழு கூடி அனுமதி கொடுக்க வேண்டும். குழுவில் நான், அக்கா, மூட்டை ஏற்றுகிற ஜீப் டிரைவர், போனில் மேலாளர். முதல் கூட்டத்தில் பிரிண்டருக்கு மை மாற்றலாமா என்று விவாதித்தோம். ஜீப் டிரைவர் கொட்டாவி விட்டபடி, "நான் டீசல் போடறப்ப உங்களையெல்லாம் கூட்டி வெச்சா கேக்கறேன்?" என்றார். மேலாளருக்கு சிக்னல் போய்விட்டது. குழுவின் பலம் குறைந்ததால் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. மை மாற்ற எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் அக்கா எடைச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார். நான் குறிப்பில் "மாற்றம் வெற்றிகரமாக முடிந்தது" என்று எழுதினேன்.

ஆபத்துப் பதிவேடும் போட்டேன். எதெல்லாம் இந்தக் கம்பெனியைக் கவிழ்க்கும் என்று பட்டியல். முதல் வரியில், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே, "எல்லா வேலைக்கும் ஒரே நபரை நம்பியிருப்பது" என்று எழுதி, எதிரே அக்காவின் பதவியைப் போட்டேன். நான் எழுதியது கம்பெனியைப் பற்றிய குறை. அக்கா ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் கம்பெனி படுத்துவிடுமே என்கிற கவலை. மேலாளர் அதைப் படித்துவிட்டு, "அந்த அம்மா இவ்வளவு பெரிய ரிஸ்க்குன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியவே தெரியாதும்மா" என்றார். போனில் நான் சிரித்தேன். அது ஜோக் என்று நினைத்தேன். அவருக்கு ஜோக் வராது என்று பிறகு தெரிந்தது.

ஐப்பசியில் சொத்துப் பதிவேடு. கம்பெனியிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் ஒட்ட வேண்டும். எண் இல்லாதது எதுவும் இருக்கக் கூடாது. அக்கா அன்று லீவு. வளப்பூரில் தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து. நான் பீரோவைத் திறந்தேன். உள்ளே சர்வருக்கு மேலே, ஒயரில் தொங்கிக்கொண்டு, ஒரு குண்டு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பகலில், மூடிய பீரோவுக்குள், யாருக்கும் வெளிச்சம் தராமல்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயிற்சியில் படம் போட்டுக் காட்டின தப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நேரில் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பதிவேட்டில் இல்லாத கருவி. யார் பொறுப்பு என்று தெரியாத கருவி. அதற்கும் மேல், சர்வரைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று உலகமே சொல்லும்போது அதன் தலைமாட்டில் சூடு. குழுவைக் கூட்டினால் எட்டு நாள் ஆகும் என்பதால், "வழக்கமான, ஆபத்தில்லாத மாற்றம்" என்ற வகையில் போட்டு நானே அனுமதித்துக் கழற்றி, என் மேசை டிராயரில் போட்டேன். கையோடு இன்னொரு நல்ல காரியமும் செய்தேன். தேவையில்லாதவர்களுக்கு அனுமதி இருக்கக் கூடாது என்பது நெறிமுறை. பீரோவைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அக்கா வந்தார். காதுகுத்துச் சோற்றுப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு பீரோவைப் பார்த்தார். பூட்டு.

"ஏங்கண்ணு, உள்ளாற லைட்டு எரியுதா?"

நான் ஏதோ படிவத்தில் மூழ்கியிருந்தேன். "எதுவானாலும் டிக்கெட்டாப் போடுங்கக்கா. வாயால சொன்னா பதிவாகாது."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, டிக்கெட் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் இவரும் வழிக்கு வந்துவிட்டார் அல்லவா! பாதிக்கப்பட்டவர் ஒருவர், அவசரம் என்ற இடம் காலி. நான்கு என்று கருவி தானே சொல்லியது. சரி என்று அழுத்தினேன். என்ன எழுதியிருந்தார் என்று படிக்கவில்லை. நான்குகளைப் படிக்க மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் கழித்து வேறு சீர்திருத்தம் வந்துவிட்டது.

கார்த்திகையில் மேகம் இறங்கி சோளக்காட்டைப் போர்த்திக்கொண்டது. ஐந்து நாள் எதிர்க்கடை தெரியவில்லை. துவைத்த துணி துவைத்தபடியே இருந்தது. உப்பு டப்பாவில் தண்ணீர். பிரிண்டர் தாள் வெற்றிலை மாதிரித் துவண்டது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள் நான், உப்பு கசிவதை வருஷா வருஷம் பார்த்தவள். ஆனால் பயிற்சிப் புத்தகத்தில் உப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

திங்கட்கிழமை காலை சர்வர் மூன்று முறை கூவியது. பிறகு பேச்சு மூச்சில்லை. ஆய்வுக்கு ஆள் வருவது வியாழக்கிழமை.

முன்னுரிமை ஒன்று! இதற்காகத்தானே பிறந்தேன். "பெருங்கோளாறு" என்று அறிவித்தேன். அரை மணிக்கொருதரம் நிலவர அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த மேகத்தில் ஆபீஸில் சிக்னல் வராததால் அரை மணிக்கொருதரம் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், "பணி நடைபெறுகிறது" என்று மேலாளருக்கு அனுப்பிவிட்டு வந்தேன். போக வரவே நேரம் சரியாக இருந்ததால் பணி எதுவும் நடைபெறவில்லை.

நாலாவது அறிக்கை அனுப்பிவிட்டு வந்தபோது அக்கா பீரோ முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சாவியக் குடு."

கொடுத்தேன். திறந்தார். கதவின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஒன்று உருண்டு சர்வரின் முதுகில் விழுவதை இருவரும் பார்த்தோம். அக்கா நிமிர்ந்து வெறும் ஒயரைப் பார்த்தார்.

"பல்பு எங்க?"

"பதிவேட்டுல இல்லீங்க்கா. அதான்..."

"அதான்?"

"கழட்டிட்டேன்."

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "கோழிப்பண்ணையில குஞ்சு வந்து எறங்குனா மொத வேலையா பல்பு கட்டோணும். இல்லீன்னா ஈரத்துல விடியறதுக்குள்ள சுருண்டுக்கும். இதுவும் அப்பிடித்தான். மொத வருசம் ரெண்டு தடவ செத்துச்சு. பல்பு கட்டினேன். அஞ்சு வருசமா ஒரு நாளு படுத்ததில்ல" என்றார். அவ்வளவுதான்.

சர்வரைப் பிரித்து மேசையில் பரப்பினார். உள்ளேயிருந்த தகடுகளை எடுத்து, முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். சேந்தமங்கலத்திலிருந்து ரிப்பேருக்கு வருகிறவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதாம். துணியால் ஒற்றி, திரும்ப மாட்டி, என் மேசை டிராயரிலிருந்து பல்பை எடுத்துக் கட்டி, கதவைச் சாத்தினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தொடாத. காயட்டும்." செவ்வாய் மத்தியானம் போட்டோம். வந்துவிட்டது. தோட்டப் பதிவு ஒரு கொடி குறையாமல் இருந்தது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெருங்கோளாறு முடிந்தால் அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கைக்கு ஓர் அருமையான விதி உண்டு: யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, பெயரே எழுதக் கூடாது, என்ன நடந்தது என்று மட்டும் எழுத வேண்டும். பயிற்சியில் இந்த இடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது, எவ்வளவு மனிதாபிமானம் என்று. இப்போது அதன் முழு அழகும் புரிந்தது. எழுதினேன்: "சர்வர் பீரோவில், பதிவேட்டில் இல்லாத மின்கருவி ஒன்று கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது. அதைத் தொடர்ந்து சர்வர் செயலிழந்தது. தற்போது சரிசெய்யப்பட்டுள்ளது." ஒரு பொய் கிடையாது. ஓர் ஆளும் கிடையாது.

புதன்கிழமை மேலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார், மூக்கில் எலுமிச்சம்பழத்தோடு. அறிக்கையை முந்தின நாளே போனில் படித்திருந்தார். தலை சுற்றல் நின்றதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அருமையா எழுதிருக்கம்மா. மின்கருவின்னா அந்த அம்மா திருட்டுத்தனமாக் கட்டி வெச்ச பல்புதானே? உங்க மாற்றப் படிவத்துல பாத்தேன். அந்தச் சூட்டுலதான் மெஷின் போயிருக்கு."

"இல்லீங்க சார், பல்பு தப்பில்ல..."

"கண்டுபிடிச்சு எடுத்தீங்க, ஆனா அதுக்குள்ள கெட்டுப்போச்சு. தெளிவா இருக்கே. ரிஸ்க் லிஸ்ட்லயும் அவங்கதான் மொதல்ல இருக்காங்க." எலுமிச்சம்பழத்தை ஒரு முறை முகர்ந்தார். "நாளைக்கு ஆய்வு முடியட்டும். மாசக் கடைசியோட நிறுத்திக்கலாம். பாவம், நடுத்தெருவுல விட வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச கோழிப்பண்ணை ஒண்ணு இருக்கு, அங்க சேத்துவிட்டுடறேன்."

"சார், அதுல யாரு செஞ்சாங்கன்னு நான் எழுதவே இல்லீங்களே."

"அதுதாம்மா எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேரு இல்லாம நாகரிகமா முடிச்சுடலாம்."

சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. அதில் இரண்டே சொல்: கழற்றியதால்தான் கெட்டது. சொல்லவில்லை. சொன்னால் என் லாமினேஷனுக்குள் ஈரம் இறங்கிவிடும். வெளியே அக்கா நாளைக்கு ஆய்வென்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன். அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி துடைத்தார். திங்கட்கிழமையிலிருந்தே அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, ஆய்வுக்குக் காட்ட வேண்டிய டிக்கெட் பட்டியலைத் திறந்தேன். எல்லாம் பச்சை. அக்கா போட்ட ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பாக, "காத்திருப்பில்" என்று கிடந்தது. அப்போதுதான் முதல் முறையாக அதைப் படித்தேன்.

பக்கத்திலேயே "மூடு" என்று ஒரு பட்டன். அழுத்தினால் காரணம் கேட்கும். "தொடர்பற்றது" என்று ஒன்று தயாராகவே இருக்கும். அப்புறம் அதைத் தேடி எடுக்க என்னைத் தவிர அந்த மலையில் யாருக்கும் தெரியாது. விரல் மௌஸின் மேலேயே இருந்தது. அப்போது அக்கா உள்ளே வந்து பீரோ கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. சூடு இருந்தது போல. திருப்தியாகத் தராசுக்குப் போனார். நான் "அச்சிடு" என்பதை அழுத்தினேன்.

ஆய்வுக்கு வந்தவர் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா. ஒருபுறம் மேலாளர், இன்னொருபுறம் பிரதிநிதி மாமா. தோட்டப் பதிவு, கடவுச்சொல் விதி, மாற்றக் குழுவின் குறிப்பு எல்லாம் பார்த்தார். மைக்கு எட்டு நாளா என்று புருவத்தை உயர்த்தினார். கடைசியில் பட்டியலுக்கு வந்தார்.

"ஒரு டிக்கெட் மட்டும் மூடலையே, என்னது?"

நான் அச்சடித்த தாளை எடுத்து வாசித்தேன். "பீரோக்குள்ள லைட் எரியுதானு பாருங்க. எரியலைன்னா ஈரம் ஏறி கம்ப்யூட்டர் படுத்துக்கும்."

"இது எப்பப் போட்டது?"

"திங்கக்கெழம சர்வர் படுத்துதே, அதுக்கு இருபது நாள் முன்னாடிங்க. எடை போடற அக்கா போட்டது."

"நாலுன்னு போட்டது யாரு?"

"நான்."

"பல்பைக் கழட்டினது?"

"நான்."

"அதுக்கு அனுமதி கொடுத்தது?"

"அதுவும் நானேதாங்க."

மேலாளர் கனைத்தார். "மேடம், இதெல்லாம் உள்விஷயம். நாங்க தனியாப் பேசி, வேண்டிய நடவடிக்கை..."

"என்ன நடவடிக்கைங்க?" மாமா துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "எடை போடற புள்ளைய நிறுத்தறதாப் பேச்சாமே? ஜீப்புல வாரப்பவே போன்ல பேசிட்டு வந்தீங்களாமே?"

ஜீப் டிரைவர் ஜன்னல் வழியாக மேகத்தை மிகக் கவனமாகப் பார்த்தார்.

"எங்க ஊர்க்கூட்டத்துல ஒருத்தரப் பத்திப் பேசோணும்னா அவங்கள எதுக்க உக்கார வெச்சுத்தானுங்க பேசுவோம். ஆளில்லாம பேசுனது பேச்சே கெடையாது. கூப்புடுங்க அந்தப் புள்ளைய."

அக்காவைக் கூப்பிட்டார்கள். கையில் சீட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தார். ஆய்வுக்கு வந்த அம்மா, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான் டிக்கெட்டு போட்டனுங்க. பதில் வல்லீங்க."

என் பயிற்சி, பரீட்சை, ஃபிரேம்வொர்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து யாரும் இதைவிடச் சுருக்கமாக அறிக்கை எழுதியிருக்க முடியாது.

ஆய்வுக்கு வந்தவர் இரண்டு வரி எழுதினார்: பல்பைச் சொத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், பீரோ சாவி அதைப் பற்றித் தெரிந்தவரிடம் இருக்க வேண்டும். மேலாளர் அதைப் படித்ததும், "நானும் அதைத்தான் நெனச்சேன். இனிமே பீரோவுக்கு இந்த அம்மாதான் பொறுப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். கோழிப்பண்ணையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. என்னை நிறுத்தவில்லை. என்னைத் திருத்துவதற்கென்று "மேம்பாட்டுத் திட்டம்" ஒன்றில் போட்டார்கள். அந்தத் திட்டத்தை எழுதித் தருகிற பொறுப்பும், வேறு ஆள் இல்லாததால், எனக்கே வந்தது.

எல்லோரும் போன பிறகு சாவியை அக்கா முன்னால் வைத்தேன். "மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன்.

"புதங்கெழம அவரு ரூமுக்குள்ள இருந்து வந்தியே, அப்பச் சொல்லிருந்தா மன்னிக்கலாம்" என்று சாவியை எடுத்து ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டார். "எதுவானாலும் டிக்கெட்டாப் போடு. வாயால சொன்னா பதிவாகாது."

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் வாய் திறந்து பேசவில்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு டிக்கெட் போட்டார். "காத்தாடிய நிறுத்தவும். குளுருது." "மாமா வந்திருக்காரு. எந்திரிச்சு நாற்காலி குடுக்கவும்." "டீ வந்திருச்சு. ஆறுது." எல்லாவற்றுக்கும் முன்னுரிமை நான்கு. நான் ஒவ்வொன்றுக்கும் உடனே ஓடினேன். என் டிக்கெட் முறையை அவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் பயன்படுத்தியதில்லை. நான் கனவு கண்டதெல்லாம் நடந்தது, ஒரு வார்த்தை பேச்சில்லாமல்.

தை பிறந்து, புது மிளகு வர ஆரம்பித்த நேரம், ஒரு சனிக்கிழமை நான் கீழே சேந்தமங்கலம் போயிருந்தேன். போனில் டிக்கெட் வந்தது. "பல்பு பீஸ் போயிருச்சு. வாரப்ப ஒண்ணு வாங்கிட்டு வா கண்ணு."

அந்தக் கடைசிச் சொல்லை பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு தரம் படித்தேன்.

மூன்று கடை ஏறினேன். எல்லாரும் எல்.ஈ.டி.தான் காட்டினார்கள். "கரண்டு மிச்சமாகும், சூடே ஆகாதுங்க" என்றார் ஒருவர் பெருமையாக. "எனக்குச் சூடாகோணுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அப்ப கோழித் தீவனக் கடைக்குப் போங்க. குஞ்சுக்குக் கட்டற பல்பு அங்கதான் இருக்கும்" என்றார். இருந்தது. உடையாமல் துண்டில் சுற்றி, அத்தனை வளைவிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு ஏறினேன்.

அக்கா பீரோவைத் திறந்தார், நான் மாட்டினேன். எரிந்தது. பழைய பல்பில் கருகிக் கிடந்த சொத்து எண்ணைப் புதுச் சீட்டில் எழுதிப் புதியதில் ஒட்டினேன். சூட்டில் அது இரண்டு நாளில் கருகிவிடும் என்று இருவருக்கும் தெரியும், இருந்தாலும் ஒட்டினேன். டிக்கெட்டை மூடினேன். மூடினால் போட்டவரிடம் அது ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும். அக்கா யோசித்து மூன்று கொடுத்தார்.

"மீதி ரெண்டுங்க்கா?"

"மொதல்ல மழைக்காலம் வரட்டும்" என்று வாயாலேயே சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எடை போடப் போனார்.